ஏழாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டேன்

கான்சாபுரத்து வட்டக் கிணற்றில் என்னை முதன்முதலில் தள்ளிவிட்ட என் மாப்ளே பாண்டிக்கு,

நான்தான் உன்னைத் தள்ளினேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். இப்போது மறுத்துப் பேச நீ இல்லை. அதனால் இந்தக் கடிதத்தில் நான் சொல்வதுதான் சரி.

கண்மாய் பெருகிவிட்டது, அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போன தடவை நம் இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகு, தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது என்று நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டியைத் தள்ளிவைத்தார்களே, அதே கண்மாய்தான். இந்த ஐப்பசியில் பெய்த மழையில் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்தது. மாசி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டியை வைத்துவிட்டார்கள். உன் தலைத்திவசம் முடிந்து அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை.

உன் மகள் மீனா மதுரையில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். உன்னைப் போலவே எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். நீ வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனியில் உன் தறிகளை இப்போது தளவாய்புரத்துக்காரர் ஒருவர் பார்க்கிறார். நல்ல மனுஷர்தான், ஆனால் தறி கொஞ்சம் மக்கர் செய்தாலும் "பாண்டி அண்ணே இருந்தா" என்றுதான் அங்கே பேச்சு ஆரம்பிக்கிறதாம்.

செல்லத்தாயைப் பற்றித்தான் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, அவள் உன் சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "இதையும் எடுத்துட்டுப் போயிரு" என்றாள். அதுதான் என் தங்கை என்னிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு ஒரு வருஷமாக ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்குப் போனால் சோறு போடுவாள். மீனா லீவுக்கு வந்திருந்தால் "மாமாவுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்பாள், நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. மீனா இல்லாத நாளில் குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, மாப்ளே. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

நீ போவதற்கு நாலு நாள் முன்னால், கிணற்றில் நீச்சல் முடித்துப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது. தண்ணீரில் இருந்து ஏறியவனுக்கு வேர்வை என்று தனியாக எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரிந்தது. "என்னலே?" என்றேன். "வாயுதான் மச்சான். உன் தங்கச்சிகிட்டச் சொல்லிராத. பொறவு சைக்கிளக்கூடத் தொடவிடமாட்டா" என்றாய். நான் தலையாட்டினேன்.

மில்லில் இருபத்தாறு வருஷமாக ஃபிட்டர் நான். ஒரு மெஷினில் சத்தம் கொஞ்சம் மாறினால்கூட முதலில் சுவிட்சை அமர்த்துவேன், பிறகுதான் என்ன ஏது என்று பார்ப்பேன். சூப்பர்வைசர் கத்தினாலும் நிறுத்திய மெஷினைப் பார்க்காமல் ஓட்டவிட்டதில்லை. அப்படிப்பட்டவன் உன் நெஞ்சுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, "செத்த நேரம் படுக்கேன்" என்று படுத்தவன்தான் நீ.

இதைச் செல்லத்தாயிடம் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை கிளம்பிப் போனேன். அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். கடைசியில் ஒரு நேர்த்திக்கடன் மாதிரி வைத்துக்கொண்டேன். இந்தப் போட்டியை முடிக்க வேண்டும். நம் இருவருக்குமாக அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டு, மெடலோடு அவள் வீட்டுக்குப் போய், அதைக் கையில் கொடுத்து, விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முடிக்காவிட்டால்? அதை நான் யோசிக்கவே இல்லை. கோழைக்கு இப்படி ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது.

சைக்கிளை நாலு மாதம் தொடவில்லை. பிறகு ஒருநாள் துடைத்து, காற்றடித்து, சீட்டை இறக்கினேன். நீ என்னைவிட வளத்தி அல்லவா. நீ வைத்திருந்த உயரத்தில் அந்தக் கம்பியில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. அதை அழிக்க மனசில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

இனிப் போட்டிக் கதைக்கு வருகிறேன். கேட்டால் சிரிப்பாய்.

ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல், நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், பத்து கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக்கில் வைக்கிற தூரம். "மூணு ஷிப்டையும் ஒரே மூச்சுல பாக்குறதுதான் மச்சான், ஓவர்டைம் கெடையாது" என்று என்னை நீ இதற்குள் இழுத்துவிட்டபோது சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. காலை ஆறரைக்கு ஆரம்பம், பதினொரு மணிக்குள் முடிக்க வேண்டும். கரையில் அறுபது பேர் நின்றோம். பாதிப் பேர் மதுரையில் இருந்தும் கோவையில் இருந்தும் வந்த இளவட்டங்கள். அவர்கள் போட்டிருந்த உடுப்பைப் பார்த்தால் தண்ணீரில் இறங்கப் போகிறார்களா, ஆகாயத்துக்குப் போகிறார்களா என்று சந்தேகம் வரும். நான் மில்லில் போன போனஸுக்குக் கொடுத்த டவுசரோடு நின்றேன். பயம்தான். ஆனால் தண்ணீரில் என்னை எவனும் அசைக்க முடியாது என்று உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது.

நாம் எப்படிப் பழகினோம்? கிணற்றுக்குள் அறுபது சுற்று. சுவர் எப்போதும் வலது கைப்பக்கம், திரும்புவது எப்போதும் இடது பக்கம். ஒரு சுற்றுக்கு ஒரு கல்லைப் படியில் எடுத்து வைப்போம், நீ கள்ளத்தனமாக இரண்டு வைப்பாய். ஒன்றரை கிலோமீட்டர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட நேராக நீந்தியதில்லை என்பது நம் இருவருக்கும் உறைக்கவே இல்லை, பார்த்தாயா?

கண்மாயில் மூன்று மிதவைகள் போட்டிருந்தார்கள். அவற்றைச் சுற்றி வர வேண்டும். விசில் ஊதியதும் பாய்ந்தேன். கை நல்லா வீசியது, மூச்சு நல்லா வந்தது. அடேயப்பா, முன்னாலும் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை, எல்லாரையும் முந்திவிட்டோம் போல என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே தாமரைக் கொடி. போட்டி நடக்கிற இடம் வலது பக்கம் வெகுதூரத்தில் இருக்கிறது. நான் பாட்டுக்கு இடது பக்கமாகவே வளைந்து வளைந்து போயிருக்கிறேன்.

கொடி காலைச் சுற்றுவதற்குள் பாதுகாப்புப் படகு வந்துவிட்டது. அதில் இருந்தவர் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர். "அண்ணாச்சி, எங்க போறீய? மிதவ அங்கிட்டுல்லா இருக்கு!" என்று கத்தினார். படகைத் தொட்டு இரண்டு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினேன். முதல் மிதவையைக் கண்ட சந்தோஷத்தில் அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சுற்றினேன். படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, என்ன கோயிலா இது? ஒரு சுத்துப் போதும், நேராப் போங்க!" அதன் பிறகு பத்துக் கை வீசலுக்கு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் கரை சேர்ந்தேன். எனக்குப் பின்னால் நாலே பேர். நீயும் வந்திருந்தால் இரண்டு பேரும் ஜோடி போட்டுக்கொண்டு தாமரைக்குள் போயிருப்போம்.

சைக்கிளில் விட்டதைப் பிடித்தேன். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் எதிர்காற்று. அங்கிருந்து வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பியதும் மலை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, காற்றும் அடங்கியது. திரும்புகிற இடத்துக்கு முன்னால் டீக்கடையில் நம்ம ஊர் ஆள்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மிலிட்டரியில் இருந்து வந்த உன் பெரியப்பா மகன், துண்டைச் சுழற்றிக்கொண்டு, "ஏலே குருசாமி, பென்சன் வாங்குற வயசுல என்னலே ஓட்டம்? எவன்லே வெரட்டுதான்?" என்று கத்தினான். பிறகு சைக்கிளைப் பார்த்துவிட்டான். யாருடையது என்று தெரிந்துவிட்டது. துண்டை இறக்கிவிட்டுச் சும்மா நின்றான். நான் அவனைத் தாண்டிப் போகும்போது எனக்குக் கண் கலங்கி ரோடு தெரியவில்லை, பள்ளம் ஒன்றில் ஏற்றி இறக்கிவிட்டேன். உன் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஓட்டம் ஆரம்பிக்கும்போது ஒன்பதே கால். கண்மாய்க்கரை மேல் போய்ப் போய் வர வேண்டும். சைக்கிளில் இருந்து இறங்கியதும் கால் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி இருக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய். அது நிஜம்தான். ஒரு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அவை என் காலாயின. ஐந்தாவதில் இரண்டு இளவட்டங்களை முந்தினேன். ஆறாவதில் மனசுக்குள் செல்லத்தாய் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

ஏழாவதில், நெஞ்சில் இடது பக்கம் ஒரு இறுக்கு.

முதலில் ஓட்டத்தைக் குறைத்தேன். போகவில்லை. நடந்தேன். அப்போதும் போகவில்லை. மணி பத்து பத்து. இன்னும் மூன்று கிலோமீட்டர்தான். நடந்தாலே நேரத்துக்குள் முடித்துவிடலாம், மாப்ளே, ஓடவே வேண்டியதில்லை. ஒரு வருஷமாகச் சுமந்தது மூன்று கிலோமீட்டரில் இறங்கப் போகிறது. இப்போது உட்கார்ந்தால் மெடலும் இல்லை, செல்லத்தாய் வீட்டுக்குப் போக எனக்கு முகமும் இல்லை. தண்ணீர் கொடுக்கிற மேசையில் நின்ற பெண், கல்லூரியில் படிக்கிற பிள்ளை, என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"வாயுதான் தாயி" என்றேன்.

என் வாயில் இருந்து வந்த சொல் எனக்கே கேட்டது. நீ கிணற்றுப்படியில் உட்கார்ந்து சொன்னபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நீயும் நினைத்திருப்பாயோ? அப்படியே அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். "வாயு இல்ல தாயி. நெஞ்சு இறுக்குது. யாரையாச்சும் கூப்பிடு" என்றேன். கண்மாய் முழுக்க வளைந்து வளைந்து நீந்தியதைவிட அந்த நாலு சொல்லைச் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றி, நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா, "பயப்படுற மாதிரி ஒண்ணும் தெரியலை, இருந்தாலும் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துருவோம்" என்றார்கள். என் நெஞ்சில் குத்தியிருந்த நம்பர் துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டார்கள். அதை எடுக்கும்போது நான் அழுதேன். வலியில் அழுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் மேசையில் நின்ற அந்தப் பெண் என் கையைத் தடவிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், மறுபடியும் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றி, விலாச் சதை பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்புட்டுத்தான். என் வீட்டுக்காரி ராமலட்சுமி கும்பிடாத சாமியில்லை. நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முடித்திருக்கலாம், மாப்ளே! நொண்டி நொண்டியாவது முடித்திருக்கலாம்!

அப்போதுதான் செல்லத்தாய் வந்தாள். ராமலட்சுமி போன் போட்டிருக்கிறாள். ராஜபாளையத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், முந்தானை தோளில் நிற்கவில்லை, செருப்பு ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க வலிக்கி?"

ஒரு வருஷம் கழித்து என் தங்கை என்னிடம் கேட்ட கேள்வி அது.

"இப்ப இல்ல தாயி. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாவ."

"வலி வந்ததும் சொன்னியா, ஓட்டத்த முடிச்சிட்டுச் சொன்னியா?"

"வந்ததும் சொல்லிட்டேன். முடிக்கல."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ராமலட்சுமி என்ன நினைத்தாளோ, காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனாள். வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. கையில் மெடல் இல்லை, ஊசி குத்திய பிளாஸ்திரிதான் இருந்தது. சொல்லிவிட்டேன்.

"பாண்டி எங்கிட்டச் சொன்னான் தாயி. போறதுக்கு நாலு நாள் முன்ன, கெணத்துப் படியில நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்தான். வாயுன்னான். உங்கிட்டச் சொல்லாதன்னான். நானும் சொல்லாம இருந்துட்டேன். நாந்தான் தாயி."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அந்தக் குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டயும் சொன்னாக" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"அதே வாரந்தான். ராத்திரி நெஞ்சுல குத்துதுன்னாக. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னேன். வாயுதான், உங்க அண்ணங்கிட்டச் சொல்லிராத, தெரிஞ்சா என்ன விட்டுட்டு ஒத்தையிலதான் போட்டிக்குப் போவான்னாக. நானும் சரின்னுட்டேன். ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன் அண்ணே. ஓமத் தண்ணி." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன் மூஞ்சியப் பாத்தா, 'உனக்குத் தெரியுமா தாயி'ன்னு கேட்டுருவியோன்னு பயம். என்னன்னு சொல்லுவேன்? அதான் பேசல. உம்மேல கோவம்னு நெனச்சியா?" என்றாள்.

ஆமாம் என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன்.

படுபாவி! இரண்டு பேரிடமும் சொல்லி, இரண்டு பேரையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாய். உன் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, நீ மட்டும் எதிரே நின்றிருந்தால் கிணற்றில் தள்ளியிருப்பேன். உன் ஆசை பெரிசாக இருந்ததா, எங்கள் மேல் உனக்கு அம்புட்டு நம்பிக்கையா? நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் உன்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போயிருப்போமே. போயிருந்தால் பிழைத்திருப்பாயா? டாக்டரிடம் கேட்கலாமா என்று செல்லத்தாய் கேட்டாள். வேண்டாம் என்றேன். உனக்குத் தெரிந்தால் நீயாவது சொல்லலாம்.

ராமலட்சுமி காப்பியோடு வந்தபோது அண்ணனும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில் பெரியவர், என் கதை முடிந்துவிட்டது என்று நினைத்து, நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார். அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செல்லத்தாய் சிரித்தாள். அழுத கண்ணோடுதான், ஆனாலும் சிரித்தாள்.

இப்போது தினமும் போன் பேசுகிறாள். ஒரு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுகிறாள் என்று நினைக்கிறேன். நேற்று உன்னை அரைமணி நேரம் திட்டினோம். புரைக்கேறியிருந்தால் அது நாங்கள்தான்.

மாப்ளே, நான் உனக்கு இரண்டு வாக்குக் கொடுக்கிறேன். கண்மாயில் தண்ணீர் நிற்கிற வருஷம் மறுபடியும் இறங்குவேன். செல்லத்தாய் கரையில் நிற்பேன் என்று சொல்லியிருக்கிறாள், நான் எந்தப் பக்கம் வளைகிறேன் என்று பார்த்துக் கத்துவது அவள் வேலையாம். அது ஒன்று. இன்னொன்று, இனி இந்த வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், அது எனக்குத் தெரிந்த அந்த நிமிஷமே எல்லாருக்கும் தெரியும். உன்னை மாதிரி எவன் வந்து கெஞ்சினாலும் தலையாட்ட மாட்டேன்.

எழுதி முடித்ததும் இந்தக் கடிதத்தைச் செல்லத்தாயிடம்தான் கொடுக்கப் போகிறேன். அவளுக்குத் தெரியக்கூடாதது என்று இதில் ஒரு வரிகூட இல்லை.

இப்படிக்கு,
செல்லத்தாயின் அண்ணன், மீனாவின் தாய்மாமன்,
உன் மச்சான் குருசாமி